தீபாவளிப் பெட்டிக்கு எந்தச் சாக்லேட்? காம்பவுண்ட், கூவெர்ச்சர், கனாஷ், பால்பவுடர்: ஓர் ஒப்பீடு

கொலுப்படி கட்டும்போதே இந்தக் கேள்வி கிளம்பிவிடும். தீபாவளிக்கு ஸ்வீட்டோடு வீட்டில் செய்த சாக்லேட்டும் ஒரு டப்பா கொடுக்கலாம் என்று நினைப்பார்கள். பேக்கரி சாமான் கடைக்குப் போனால் ‘காம்பவுண்ட்’ என்று ஒரு கட்டி இருக்கும். பக்கத்திலேயே ‘கூவெர்ச்சர்’ என்று இன்னொன்று, இரண்டு மூன்று மடங்கு விலையில். நிறம் ஒன்று, வாசனைகூட ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது?

“கூவெர்ச்சர்தான் அசல், மற்றது டூப்ளிகேட்” என்பார் ஒருவர். “காம்பவுண்டை உருக்கி ஊற்றினால் வேலை முடிந்தது, எதற்கு வீண் செலவு” என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் இரண்டு பேருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அச்சிலிருந்து கழன்ற சாக்லேட், சாப்பிடுகிறவர் வாய்க்குப் போகும்வரை எங்கே, எத்தனை மணி நேரம் உட்காரப்போகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

சூடு. ஐப்பசியில் சென்னையில் மழை பெய்தாலும் ஏசி இல்லாத அறை 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 45 டிகிரி சாதாரணம்.

ஈரம். சாக்லேட்டுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் காற்றே தண்ணீராக இருக்கும்.

தோற்றம். அச்சில் உள்ள கோடு, பூ, சுடர் எல்லாம் துல்லியமாக விழ வேண்டும், மேலே பளபளக்க வேண்டும்.

வாயில் என்ன ஆகிறது. சட்டென்று உடைந்து கரைகிறதா, அல்லது மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டுகிறதா?

கைவேலையும் நேரமும். முதல்முறை செய்பவருக்கு வருமா, 300 துண்டு செய்ய எத்தனை மணி நேரம்?

மறைந்திருக்கும் செலவு. அச்சு, தெர்மாமீட்டர், ஏசி ஓடும் கரண்ட், பெட்டி, வீணாவது. கட்டியின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்பதும் ஓர் அளவுகோல்தான். ஆனால் அது பெரும்பாலும் உள்ளே வைக்கும் பூரணத்தைப் பொறுத்தது. அதைப் பிறகு பார்க்கலாம்.

## வித்தியாசம் கொழுப்பில்

கோகோ விதையை அரைத்துப் பிழிந்தால் வரும் கொழுப்பு கோகோ பட்டர். (பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக நிற்கிறதே, அதே கோகோதான்.) சரியாக உறைந்த கோகோ பட்டர் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்பின் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் கையில் கட்டியாக இருந்து, நாக்கில் பட்டதும் கரைகிறது. கூவெர்ச்சரில் இருப்பது இந்தக் கோகோ பட்டர், அதுவும் தாராளமாக.

காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு. பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெயை (நம் பனை அல்ல, பாமாயில் பனையின் கொட்டை) இறுக்கிச் செய்தது. கோகோ சுவைக்குக் கோகோ பவுடர் சேர்த்திருப்பார்கள். வகையைப் பொறுத்து 35 முதல் 40 டிகிரிக்குள் உருகும். உருக்கி ஊற்றினால் தானாக உறையும்.

கடையில் குழப்பம் வந்தால் அட்டையின் பெயரைப் பார்க்காதீர்கள். சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ‘கோகோ பட்டர்’ முன்வரிசையில் இருந்து, வேறு தாவரக் கொழுப்பு இல்லையென்றால் கூவெர்ச்சர் வகை. ‘ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு’ என்று இருந்தால் காம்பவுண்ட். மூன்றாவதாக ஒரு பொறியும் உண்டு: சாக்லேட் சிப்ஸ். குக்கியில் வெந்தாலும் உருவம் மாறக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது அது. உருக்கினால் கெட்டியாகக் கிடக்கும், அச்சின் மூலைக்குப் போகாது. இவை போக இன்னும் இரண்டு வழி உண்டு: சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்து உருட்டும் கனாஷ், பால்பவுடரும் கோகோவும் சேர்த்துக் கிளறுவது.

| | காம்பவுண்ட் | கூவெர்ச்சர் | கனாஷ் உருண்டை | பால்பவுடர்–கோகோ |
|---|---|---|---|---|
| 30 டிகிரி அறையில் | கட்டியாக நிற்கும் | தளரும், விரல் ரேகை பதியும் | குழையும் | நிற்கும் |
| பளபளப்பு | மிதம் | டெம்பரிங் (சூட்டை ஏற்றி இறக்கிப் பதமாக்குவது) சரியானால் கண்ணாடி | இல்லை | இல்லை |
| வாயில் | லேசான மெழுகுத்தன்மை | சுத்தமாகக் கரையும் | வெண்ணெய் போல | பர்ஃபி போல |
| முதல்முறை செய்பவருக்கு | எளிது | கடினம் | எளிது | பாகுப் பதம் தெரிந்தால் எளிது |
| ஏசி அறை | தேவையில்லை | கட்டாயம் | ஃபிரிஜ் போதும் | தேவையில்லை |
| கட்டியின் விலை விகிதம் | 1 | 2 முதல் 3 | எந்தச் சாக்லேட் என்பதைப் பொறுத்து | பால்பவுடர் விலையைப் பொறுத்து |

ரூபாயில் எழுதாததற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அதன்பின் சரிந்தது. இப்படி ஆடும் பொருளுக்கு விகிதம்தான் நிலைக்கும்.

## காம்பவுண்ட்

மார்டே, வேன் ஹூட்டன் போன்ற பெயர்களில் 400, 500 கிராம் கட்டிகளாக டார்க், மில்க், ஒயிட் மூன்றும் கிடைக்கும். கட்டியை விரல்நகம் அளவுக்குச் சீவிக்கொள்ளுங்கள். பெரிய துண்டு போட்டால் வெளிப்பக்கம் சூடேறிக் கருகும்வரை உள்பக்கம் உருகாது.

பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு மேலே கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஆவி கிண்ணத்தின் விளிம்பில் முத்துமுத்தாகச் சேரும். அதில் இரண்டு சொட்டு உள்ளே விழுந்தால் போதும், அத்தனையும் களிமண் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் பட்ட இடத்தில் சர்க்கரை கரைந்து பிசினாகி, மற்றத் துகள்களை இழுத்துக் கட்டிக்கொள்வதுதான் காரணம். இறுகியதை அச்சுக்கு மீட்க வழியில்லை. சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் சாஸ் ஆகும், ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம்.

மைக்ரோவேவ் என்றால் பாதி பவரில் 30 விநாடி, எடுத்துக் கலக்கு, மறுபடி 30 விநாடி. 45 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒயிட் காம்பவுண்டுக்கு 42 போதும். அதில் பால்பொடி அதிகம், சீக்கிரம் அடிப்பிடித்து ரவை ரவையாகும்.

கெட்டியாக இருந்தால் 500 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். பனங்கொட்டை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கொழுப்பு ஜாதி ஒன்று, சண்டை வராது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுவது. இரண்டு மூன்று கரண்டி ஊற்றினால் சாக்லேட் அறைச்சூட்டிலேயே கசியும்.

ஊற்றியபின் ஃபிரிஜ்ஜில் 8 முதல் 10 நிமிடம். (ஃபிரீசர் அல்ல.) உறைந்ததும் உடனே வெளியே எடுத்துக் கழற்றிவிட வேண்டும். “இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இறுகட்டும்” என்று ஒரு மணி நேரம் விட்டால், வெளியே எடுத்ததும் அதன்மேல் பனித்துளி பூக்கும். துளி காய்ந்தபின் சொரசொரப்பான வெள்ளைப் படலம் நிற்கும். காற்றின் ஈரம் சர்க்கரையைக் கரைத்து மேலே கொண்டுவந்துவிட்டது என்று அர்த்தம்.

குறை என்ன? முதலாவது வாயில். ருசி தெரிந்தவர் ஒரு கடியிலேயே கண்டுபிடிப்பார், அண்ணத்தில் ஒரு படலம் தங்கும். கொட்டை, பொரி, உப்பு, ஏலம் ஏதாவது ஒன்று சேர்த்தால் அது அவ்வளவாக உறுத்தாது. வெறும் காம்பவுண்டை 15 கிராம் கட்டியாக ஊற்றிக் கொடுப்பதுதான் அதற்குச் செய்யும் அநியாயம். இரண்டாவது, ஈரத்தில் நாள்பட வைத்தால் சோப்பு வாடை அடிக்கும். கொழுப்பு ஈரத்தோடு சேர்ந்து உடைவதால் வருவது அது. போன வருடம் பிரித்து மிஞ்சிய பாதிக் கட்டியை இந்த வருடம் எடுக்காதீர்கள். மூன்றாவது, அட்டையில் ட்ரான்ஸ் கொழுப்பு (இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு வகை) அளவைப் பாருங்கள். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு விதி. பெயர் இல்லாத உதிரிக் கட்டியில் இதைப் பார்க்க வழியே இல்லை.

எப்போது இதுதான் சரி: கூரியரில் போகும் பெட்டி, ஏசி இல்லாத மண்டபத்தில் தாம்பூலப் பையில் போடுவது, கொலுவுக்கு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, குழந்தைகளோடு சேர்ந்து செய்வது, நிறம் நிறையத் தேவைப்படும் அச்சு.

## கூவெர்ச்சர்

இங்கே உருக்கி ஊற்றினால் வேலை முடியாது. கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது விதம் மட்டுமே பளபளப்பும், ‘டக்’ என்று உடையும் தன்மையும், அச்சிலிருந்து தானாகக் கழலும் சுருக்கமும் தரும். அந்தப் படிகத்துக்குக் கொண்டுவருவதுதான் டெம்பரிங். சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம் மாதிரி இது சாக்லேட்டின் பதம். ஒரே வித்தியாசம், இதை விரலில் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

| | உருக்கும் சூடு | இறக்கும் சூடு | ஊற்றும் சூடு |
|---|---|---|---|
| டார்க் | 45–50 டிகிரி | 27–28 | 31–32 |
| மில்க் | 45 | 26–27 | 29–30 |
| ஒயிட் | 40–45 | 25–26 | 28–29 |

வீட்டில் சுலபமான முறை விதை போடுவது. 500 கிராம் டார்க்கில் 350 கிராமை 45 டிகிரிக்கு உருக்கி இறக்குங்கள். மீதி 150 கிராம் சீவலை மூன்று தடவையாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். உருகாத சீவலில் சரியான படிகம் ஏற்கெனவே இருக்கிறது, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல அது மற்றதையும் தன் வழிக்கு இழுக்கும். 28க்கு இறங்கியதும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சில விநாடி காட்டி 31க்கு ஏற்றுங்கள். கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள். 5 நிமிடத்துக்குள் மங்கலான பட்டுப்போல உறைந்தால் ஊற்றலாம். கோடு கோடாக, பிசுபிசுப்பாக இருந்தால் இன்னும் இல்லை. ஊற்றிக்கொண்டிருக்கும்போது 33ஐத் தாண்டிவிட்டால் உருவான படிகம் கரைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து.

இப்போது அட்டவணையில் நடுக் கட்டத்தைப் பாருங்கள். 27, 28 டிகிரிக்கு இறக்கச் சொல்கிறது. உங்கள் சமையலறையே 30 டிகிரி. எத்தனை நேரம் கலக்கினாலும் சாக்லேட் அறையைவிடக் குளிராகாது. குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தவர்களுக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான், கைப்பழக்கம் அல்ல. ஏசியை 20, 22 டிகிரியில் ஓடவிட்ட அறைக்குக் கிண்ணம், அச்சு, மேசை எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கொண்டுபோய்விட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தச் செலவு கிடையாது. அங்கே வீட்டுச் சாக்லேட் இத்தனை ஊன்றியதற்கு அந்தக் குளிரும் கை கொடுத்தது.

உறைந்ததா என்பதை அச்சின் அடியில் பார்க்கலாம். பாலிகார்பனேட் (கெட்டிப் பிளாஸ்டிக்) அச்சைத் தலைக்குமேல் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். சாக்லேட் ஒட்டியிருக்கும் குழி கருப்பாக ஈரம்போல் தெரியும். சுருங்கி விட்டுக்கொண்ட குழி சாம்பல் பூத்ததுபோல் வெளிறும். எல்லாக் குழியும் வெளிறியபின் கவிழ்த்தால் மழைபோல் கொட்டும். கருப்புத் திட்டு இருக்கும்போதே தட்டினால் உடைந்த துண்டுதான் கிடைக்கும்.

இரண்டு நாள் கழித்து மேலே வெள்ளை பூத்தால் பதற வேண்டாம், பூஞ்சை இல்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று மறைந்தால் கொழுப்புப் பூத்தது: டெம்பரிங் தவறியது அல்லது இடையில் சூடு பட்டது. மறையாமல் சொரசொரத்தால் சர்க்கரை பூத்தது: ஈரம். சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, பெட்டியில் வைக்கத்தான் அழகில்லை.

இதற்கு மறைந்திருக்கும் செலவுகள்: தெர்மாமீட்டர், பாலிகார்பனேட் அச்சு (சிலிக்கான் அச்சைவிடப் பல மடங்கு விலை), அரைநாள் ஏசி, முதல் இரண்டு தடவை தோற்கும் சாக்லேட். நல்ல சேதி, தோற்றது வீண் இல்லை. தண்ணீர் படாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி உருக்கி டெம்பர் செய்யலாம்.

எப்போது இதுதான் சரி: ஏசி வீட்டில் இருபது பேருக்கான கிறிஸ்துமஸ் தட்டு, நேரில் கையில் கொடுக்கும் பரிசு, சாக்லேட் ருசி தெரிந்த வயதானவர்கள், உள்ளே ஒன்றும் வைக்காமல் சாக்லேட்டே கதாநாயகனாக நிற்க வேண்டிய இடம்.

### இரண்டையும் கலந்தால்?

“பாதி அது, பாதி இது” என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடப்பது வேறு. கோகோ பட்டரும் பனங்கொட்டைக் கொழுப்பும் ஒன்றையொன்று உறையவிடாது. தனித்தனியே கட்டியாக நின்ற இரண்டும் சேர்ந்தால் இரண்டையும்விட இளகிப்போகும், சில நாளில் வெள்ளை பூக்கும். காம்பவுண்டின் தாங்கும் சக்தியும் போச்சு, கூவெர்ச்சரின் கரையும் அழகும் போச்சு. காம்பவுண்டுக்குச் சுவை கூட்ட வேண்டுமானால் 500 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் கோகோ பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் போதும்.

## கனாஷ் உருண்டை

சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்து, உறையவிட்டு உருட்டுவது. டெம்பரிங் தெரியாமல் அசல் சாக்லேட்டின் சுவை வேண்டுமானால் இதைவிட நேர்வழி இல்லை. வெளிநாட்டுக் குறிப்புகள் 100 கிராம் கிரீமுக்கு 200 கிராம் டார்க் என்று சொல்வது 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீமுக்கு. நமக்குச் சுலபமாகக் கிடைக்கும் அமுல் ஃபிரெஷ் கிரீம் 25 சதவீதம். தண்ணீர் கூடுதல், ஆகவே 220 முதல் 230 கிராம் டார்க் போடுங்கள். மில்க் சாக்லேட் என்றால் 300, ஒயிட் என்றால் 350.

கிரீம் ஓரத்தில் குமிழி வரும்போதே இறக்கிச் சீவல்மேல் ஊற்றி, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வட்டமாகக் கலக்குங்கள். எண்ணெய் பிரிந்து திரிந்ததுபோல் ஆனால் வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி விட்டு மறுபடி நடுவிலிருந்து கலக்கினால் கூடிவரும். ஃபிரிஜ்ஜில் 2 மணி நேரம், பிறகு கையில் கோகோ பவுடர் தடவிக்கொண்டு 12 கிராம் உருண்டைகள். மேற்சொன்ன அளவுக்கு 26, 27 வரும். நம் உள்ளங்கைச் சூட்டுக்கு ஐந்து உருண்டைக்கு ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, தொடர வேண்டியிருக்கும்.

பாதாம் துருவல், பிஸ்தா பொடி, காய்ந்த ரோஜா இதழ், தேங்காய்ப்பூ என்று புரட்டினால் தட்டில் அழகாக இருக்கும். அச்சு வேலை எதுவும் இல்லை. ஆனால் பால் சமாச்சாரம்: ஃபிரிஜ்ஜில் 5 நாள், வெளியே 2 மணி நேரம். தீபாவளிப் பெட்டியில் வைத்து “நாலு நாள் கழித்துச் சாப்பிடுங்கள்” என்று கொடுப்பது தவறு. பிறந்தநாள் மாலை, விருந்து முடிவு, புத்தாண்டு இரவு, இவையே இதற்கு இடம்.

## பால்பவுடர்–கோகோ

ஒரு கப் பால்பவுடருக்குக் கால் கப் கோகோ சலித்து, அரை கப் சர்க்கரையை ஒரு கம்பிப் பதத்தில் இறக்கி, 50 கிராம் வெண்ணெயோடு கிளறித் தட்டில் கொட்டி வில்லை போடுவது. ருசி நன்றாகவே இருக்கும். சாக்லேட் என்று அழைப்பதில்தான் எனக்குத் தயக்கம், இது கோகோ பர்ஃபி. அச்சில் அழுத்தினால் பெரிய பூ விழும், நுணுக்கம் விழாது. 4, 5 நாள் தாங்கும். காம்பவுண்டின் கொழுப்பு வேண்டாம், கூவெர்ச்சருக்குக் காசு இல்லை, பாகுப் பதம் கைவசம் என்பவருக்கு இது நல்ல வழி. கோகோ பவுடரும் தேங்காய் எண்ணெயும் மட்டும் கலந்து உறையவைக்கும் முறை ஒன்றும் சுற்றுகிறது. ஃபிரிஜ்ஜை விட்டு எடுத்த பத்தாவது நிமிடம் கையில் குழம்பு.

## அச்சும் நிறமும்

மெல்லிய பிவிசி தட்டு மலிவு, ஒரு பருவத்துக்குப் போதும், விவரம் நன்றாக விழும். தட்டிக் கழற்றும்போது விரிசல் விடும். சிலிக்கான் கழற்ற எளிது, காம்பவுண்டுக்கு ஏற்றது, ஆனால் பளபளப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். பாலிகார்பனேட் கனமானது, கண்ணாடிபோல் பளபளப்பு தருவது, டெம்பர் செய்த கூவெர்ச்சருக்கு மட்டுமே அதன் அருமை தெரியும். எந்த அச்சானாலும் கழுவியபின் ஒரு நாள் காயவிட்டு, பஞ்சால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். மூலையில் ஒளிந்திருக்கும் ஒரு துளி, அந்தக் குழியைக் கெடுத்துவிடும்.

அகல்விளக்கு அச்சை எடுத்துக்கொள்வோம், சுடர் மஞ்சள், விளக்கு பழுப்பு. 30 கிராம் ஒயிட் காம்பவுண்டில் எண்ணெய் அடிப்படையிலான மஞ்சள் நிறம் இரண்டு சொட்டு. கேக் ஐசிங்குக்குப் பயன்படும் ஜெல் நிறத்தில் தண்ணீர் இருக்கிறது, போட்ட நொடியில் இறுகும். பல்குச்சியால் சுடர்க் குழியை மட்டும் நிரப்பி, விளிம்பைத் தாண்டியதை ஈரமில்லாத பஞ்சுக்குச்சியால் துடைத்து, அறைச்சூட்டிலேயே 3, 4 நிமிடம் விடுங்கள். தொட்டால் ஒட்டாது, ஆனால் இன்னும் கல்லாகவில்லை என்ற நிலையில் டார்க் காம்பவுண்டை 38, 40 டிகிரியில் ஊற்ற வேண்டும். 45க்கு மேல் ஊற்றினால் மஞ்சள் கரைந்து சுடர் அழுதுவழியும். ஃபிரிஜ்ஜில் கல்லாக்கிவிட்டு ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல், கழற்றும்போது சுடர் தனியாக வரும். ஊற்றியதும் மேசையில் பத்துப் பன்னிரண்டு தட்டு. காற்றுக்குமிழி வெளியேறாவிட்டால் விளக்கின் முகத்தில் அம்மைத் தழும்பு.

தங்கத் தூள் தூவுகிறவர்கள் ‘உண்ணத் தக்கது’ என்று அட்டையில் இருக்கிறதா எனப் பாருங்கள். ‘நான்-டாக்ஸிக்’ என்று மட்டும் இருந்தால் அது அலங்காரத்துக்கானது, சாப்பாட்டுக்கானது அல்ல.

உள்ளே வைப்பதற்கு வறுத்து, முழுக்க ஆறிய முந்திரி, பாதாம் மிகப் பத்திரம். நொறுக்கிய கடலைமிட்டாய் காம்பவுண்டுக்குள் அருமையாகப் பொருந்தும், சுற்றிலும் சாக்லேட் மூடியிருந்தால் கரகரப்பு போகாது. கருப்பட்டித் துண்டு வேண்டாம். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து சாக்லேட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். குல்கந்து, தேங்காய்ப் பூரணம் வைத்தால் 5 நாள்தான் கெடு.

## 50 பெட்டிக்குக் கணக்கு

பெட்டிக்கு 10 கிராம் துண்டு ஆறு. 300 துண்டு, 3 கிலோ. கிண்ணத்தில் ஒட்டியது, உடைந்தது, ருசி பார்த்தது சேர்த்து மூன்றரை கிலோ வாங்குங்கள்.

காம்பவுண்டில்: 15 குழி சிலிக்கான் அச்சு நான்கு இருந்தால் ஒரு சுற்றுக்கு 60, ஐந்து சுற்று. ஒரு சுற்றுக்கு 25 நிமிடம் வைத்தால் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். இருநிறம் என்றால் அதுவே நாலு மணி நேரமாகும்.

கூவெர்ச்சரில்: 24 குழி அச்சு மூன்று, சுற்றுக்கு 72, ஐந்து சுற்று. ஒரு சுற்றுக்கு 40 நிமிடம். வீட்டுக் கிண்ணத்தில் ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே சமயம் டெம்பர் செய்வது சிரமம், ஆகவே டெம்பரிங்கே இரண்டு தடவை. மொத்தத்தில் ஏசி அறையில் ஐந்து மணி நேரம்.

கட்டியில் மூன்று மடங்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் பெட்டி, உள்ளே காகிதக் கப், ஃபாயில், ரிப்பன் எல்லாம் கூட்டினால் இரண்டுக்கும் பொதுவான செலவு காம்பவுண்டின் விலையைத் தொட்டுவிடும், பல சமயம் தாண்டும். ஆகவே மொத்தச் செலவில் வித்தியாசம் மூன்று மடங்கு அல்ல, ஏறக்குறைய இரண்டு. 50 பெட்டிக்கு அது கனம், 8 பெட்டிக்குப் பொருட்டல்ல. இனாமாகக் கொடுக்காமல் விற்பதானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும், சேர்மானம் எழுதிய லேபிளும் வேண்டும். காம்பவுண்டில் செய்ததைக் காம்பவுண்ட் என்றே எழுதுங்கள்.

## இன்ன இடத்துக்கு இன்னது

தீபாவளிக்கு மதுரையிலிருந்து மும்பைக்குக் கூரியர்: காம்பவுண்ட், கொட்டை வைத்து, ஃபாயில் சுற்றி. வேறு பேச்சே இல்லை.

அதே தீபாவளிக்கு, மேல்மாடி வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் கையில் கொடுக்க எட்டுப் பெட்டி: கூவெர்ச்சர், முந்தின நாள் இரவு செய்து, காலையில் கொடுத்து, “ஃபிரிஜ்ல வையுங்க, திறக்காம வெளியில அரைமணி வச்சுட்டு அப்புறம் திறங்க” என்று சொல்லிவிட வேண்டும். மூடிய டப்பாவிலேயே அறைச்சூட்டுக்கு வந்தால் பனித்துளி டப்பாமேல் பூக்கும், சாக்லேட்மேல் அல்ல.

கிறிஸ்துமஸ், மார்கழிக் குளிர்: உள்மாவட்டங்களில் இரவு அறை 22, 23க்கு இறங்கும் நாளில் கூவெர்ச்சரை முதல்முறை முயன்று பாருங்கள். ஏசி செலவும் மிச்சம்.

ஈஸ்டர் முட்டை: வெயில் தொடங்கிவிடும் மாதம், பெரிய உள்ளீடற்ற ஓடு. ஏசி வீட்டில் கூவெர்ச்சர் ஓடு 3, 4 மில்லிமீட்டர் கனம் போதும். காம்பவுண்டில் 5 மில்லிமீட்டர் வையுங்கள், அது விளிம்பில் எளிதாகச் சில்லு விடும். இரண்டு பாதியை ஒட்ட, வெதுவெதுப்பான தட்டில் விளிம்பை இரண்டு விநாடி தேய்த்து உடனே சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பள்ளிக்குழந்தை பிறந்தநாளுக்கு வகுப்பில் நாற்பது பேருக்கு: காம்பவுண்ட், ஆனால் வேர்க்கடலை, முந்திரி வேண்டாம். யாருக்கு ஒவ்வாமை என்று உங்களுக்குத் தெரியாது. அரிசிப்பொரி போடுங்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சியதை பட்டர் பேப்பரில் பரப்பி உறையவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைந்துவிட்டால் கூவெர்ச்சரும் காம்பவுண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அடுத்த பண்டிகைக்கு எது எது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் உருக்கிவிடாமலிருக்க, அந்தச் சீட்டு மட்டுமே காப்பு.